நாற்காலிச் சூடு

தாரணி வேலையை விட்ட செய்தி அவள் கணவன் மோகன்ராஜின் காதுக்கு எட்டியபோது மாலை ஆறரை. வேலவன் நகர் மூன்றாவது வீதிக்கு அது காலை பதினொன்றே காலுக்கே தெரியும். இதில் யார் மேலும் குற்றமில்லை. வேலை நாளில், பட்டப்பகலில், ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் மணி பிளாண்ட் தொட்டியுமாக ஒருத்தி ஆட்டோவிலிருந்து இறங்கினால், அதுவும் சிரித்துக்கொண்டே இறங்கினால், வீதி என்ன கண்ணை மூடிக்கொண்டா இருக்கும்? இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை அப்படியே சட்டை மேல் வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். அந்தச் சட்டை மோகன்ராஜுடையது என்பது தனி வருத்தம்.

எதிர்வீட்டு மேகலாதான் முதலில் வந்து விசாரித்தாள். அப்போதுதான் படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண். அடுத்தவர் ஆபீஸ் கதை என்றால் அவளுக்குப் பாடப்புத்தகம் மாதிரி.

"அந்தக் குருபரன் சாருங்களாக்கா? நெம்பக் கத்துவாருங்களா?"

"கத்துனாத்தான் தேவலையே. நாலு வருசத்துல ஒரு நாள் கத்துனதில்ல. பின்னாடி வந்து நிப்பாரு."

"நின்னு?"

"நிப்பாரு. நான் டைப் அடிக்கறதப் பாத்துட்டே நிப்பாரு. அப்பறம் 'பரவாயில்லை, விடுங்க'ம்பாரு. என்ன பரவாயில்லை, எதை விடறதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது மேகலா. ஒரு மெயிலை ஏழு தடவை மாத்தி எழுதச் சொல்லுவாரு. கடைசில மொதல்ல எழுதுனதையே அனுப்புவாரு. 'நாமெல்லாம் ஒரே குடும்பமுங்க'ம்பாரு. அப்படிச் சொன்னாருன்னா அந்த வாரம் ஞாயித்துக்கிழமை லீவு இல்லேன்னு அர்த்தம்."

"சேரும்போது நாற்காலியைப் பாக்கலீங்களாக்கா?"

தாரணி மணி பிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அது ஏற்கெனவே முழங்கால் அளவு தண்ணீரில்தான் நின்றது.

நாற்காலியைப் பார்ப்பது இப்போது ஊரறிந்த சங்கதி. முதுகுவலியைக் கவனிக்கவென்று நாற்காலி மெத்தைக்குள் வந்த எலெக்ட்ரானிக் சில்லு, முதுகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டது. உட்கார்ந்தவருக்கு நாடி எப்படித் துடித்தது, எப்போது வேர்த்தது, யார் குரல் கேட்டதும் தொடை இறுகியது, எல்லாம் மெத்தைக்குள் பதிவு. அதன்பின் சட்டமும் வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர், தான் உட்காரப் போகும் நாற்காலிக்கடியில் போனை நீட்டி எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். பூஜ்யத்திலிருந்து நூறு வரை. சனங்கள் அதற்குச் 'சூடு' என்று பேர் வைத்தார்கள். முப்பதுக்குக் கீழே என்றால் சேரலாம். அறுபது என்றால் யோசிக்கலாம். எண்பதைத் தாண்டினால் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

"பெரியப்பா சொல்லி வந்த வேலை" என்றாள் தாரணி கடைசியில். "அவரும் கூட வந்து பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவரு முன்னாடி குனிஞ்சு நாற்காலிக்கடியில போனை நீட்டச் சொல்றியா? பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணோட பல்லை எண்ணற மாதிரி இருக்காதா?"

அதுதான் கோயமுத்தூர். சட்டம் டெல்லியிலிருந்து வருகிறது. வேலை பெரியப்பாவிடமிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று இன்னும் சந்திக்கவில்லை.

அன்று காலை நடந்ததும் பெரிய சண்டையெல்லாம் இல்லை. மோட்டார் பம்பு கம்பெனியின் கொள்முதல் பிரிவில், தாரணி போல்ட்டு நட்டுக்கு ஆர்டர் அடித்துக்கொண்டிருந்தாள். குருபரன் பின்னால் நின்றார். "பரவாயில்லை" என்றார். 'விடுங்க' என்று சொல்வதற்குள் அவள் விட்டுவிட்டாள். விருட்டென்று எழுந்தாள். நாற்காலி சக்கரத்தில் உருண்டுபோய் அவர் முழங்காலில் இடித்தது. சில மாதம் கழித்து அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனது அந்த இடியாலா, வயசாலா என்பதில் வீதியில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

அடுத்த நான்கு மாதத்தில் தாரணி ஏழு இடத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். இந்த முறை பெரியப்பா இல்லை, வெட்கமும் இல்லை. உள்ளே நுழைந்ததும் குனிந்தாள். ஒரு இடத்தில் நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பழைய நாற்காலி எங்கே என்று கேட்டதற்கு, "ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க" என்றார்கள். இந்த வருடத்தில் மூன்றாவது ரிப்பேர் என்று வாசலில் காவலாளி சொன்னார். இன்னொரு இடத்தில், "டென்ஷன் தாங்குவீங்களா?" என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள். நாற்காலி எண்பத்தொன்று. வேறொரு இடத்தில் சூடு வெறும் நான்கு. தாரணிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தாள், அந்த ஆபீஸில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. முதலாளி நடமாடும்போது உட்கார்ந்தால் அவருக்குப் பிடிக்காதாம்.

நடுவில் பெரியப்பா வாரம் தவறாமல் போன் போட்டார். "குருபரனுக்குப் பெரிய மனசு அம்மிணி. கதவு தொறந்தே இருக்குதுங்கறாரு."

திறந்த கதவை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. பதவி வேண்டாம், பேர் வேண்டாம். இனி ஒருத்தர் தன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். வேலை கேட்கிறவர்கள் கேட்பதிலேயே இதுதான் பெரிய ஆசை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

எட்டாவது இடம் அவிநாசி ரோட்டில் ஒரு பழைய கல்யாண மண்டபம். வாசலில் 'பிரிசில்லா இருக்கைப் பராமரிப்பு' என்று சின்னப் பலகை. உள்ளே நாற்பது ஆபீஸ் நாற்காலிகள் வரிசையாக. அதில் பதினொரு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு சின்னத் திரை, அதில் ஒரு எண்: உட்கார்ந்திருப்பவரின் அந்த நிமிஷச் சூடு.

பிரிசில்லா மேடம் கட்டையாக, கலகலப்பாக இருந்தாள். "உக்காருங்க அம்மிணி. இல்ல, இதுல. சும்மா உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் எண்ணைப் பார்த்தவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பதினொண்ணு! ஆத்தாடி. எங்கிட்ட இருக்கற ஆளுகள்லயே போஸ்ட் மாஸ்டர் கனகசபை சார் ஒருத்தருதான் பதினாலு. அவரு ரிட்டயர் ஆனவரு."

"மேடம், வேலை என்னங்க?"

"உக்காறது."

"உக்காந்து?"

"உக்காறதுதான் அம்மிணி. சூடான நாற்காலியைக் கம்பெனிக்காரங்க வேன்ல ஏத்தி அனுப்பறாங்க. பழசு மெல்ல மங்கும், கடைசியா உக்காந்தவங்க பதிவுக்குத்தான் எடை ஜாஸ்தி. நிம்மதியான ஆளு ஒருத்தரு ஆறு வாரம் உக்காந்தாப் போதும், எண்பது இருபத்தஞ்சுக்கு வந்துரும். அதோ அந்தப் பொண்ணு, கல்யாணம் நிச்சயமாயிருக்கு, அருமையா எறக்கறா. கல்யாணம் ஆயிட்டா எடுத்துக்க மாட்டேன். அப்பறம் ஏறும்."

"இது ஏமாத்தறதில்லீங்களா?"

"சட்டத்துல நாற்காலியில எண் இருக்கணும்னுதான் எழுதியிருக்கு. யாரு உக்காரணும்னு எழுதலையே? உங்க பின்னாடி நின்னு வேலை வாங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. வந்தா நம்ம எண்ணு ஏறிரும். எனக்குத்தான் நட்டம்."

தாரணி கடைசி வாக்கியத்தை மட்டும்தான் கேட்டாள். மறுநாளே சேர்ந்துவிட்டாள்.

வாழ்க்கையில் இப்படியொரு வேலை உண்டா! காலையில் போய் உட்காருவாள். பூண்டு உரிப்பாள், மொச்சை உரிப்பாள், மத்தியானம் ஜன்னல் வழியாக அவிநாசி ரோட்டில் அடுத்தவர்கள் ஆபீஸுக்கு அலைவதைப் பார்ப்பாள். கனகசபை சார் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், விபத்துச் செய்திகளை மட்டும் விட்டுவிட்டு. "உக்காந்தே சம்பளம் வாங்கறா" என்று வீதி கிண்டல் செய்தது. மோகன்ராஜுக்குப் பொறாமையில் தூக்கம் போனது. அவன் நாற்காலி அறுபத்தேழு.

இருந்தாலும் ஆரம்பத்தில் ஒன்று அவளை உறுத்தியது. தான் குளிர வைத்த நாற்காலியில் நாளைக்கு எவளோ நம்பி உட்காரப் போகிறாள் என்று நினைப்பு வரும். அந்த நினைப்பு வந்தால் எண் பதினெட்டுக்கு ஏறும். ஆகவே நினைப்பதை நிறுத்திக்கொண்டாள். பழகினால் அதுவும் வரும்.

ஒரு திங்கட்கிழமை வேனில் புது நாற்காலிகள் வந்தன. கம்பெனிப் பேர் இருக்காது, வெறும் டோக்கன் எண். தாரணிக்கு ஒதுக்கியது சாம்பல் நிறம், தொண்ணூற்றிரண்டு. மண்டபமே எழுந்து வந்து பார்த்தது. அவள் உட்கார்ந்து கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தற்செயலாகத் தடவினாள். ரெக்சினில் வரி வரியாக நகத்தடம். நாலு வருட நகத்தடம். அவளுடைய நகம்.

முதல் நாள் முடிவில் நாற்காலியின் எண் தொண்ணூற்றேழு.

"உடம்பு சரியில்லையா அம்மிணி?" என்றாள் பிரிசில்லா. "அவசர ஆர்டர். மேனேஜர் முட்டி ஆபரேசனுக்கு லீவுல இருக்காராம், அவருக்கே தெரியாம அவங்க ஹெச்.ஆர். அனுப்பியிருக்காங்க. அவரு திரும்பி வர்றதுக்குள்ள எறக்கணும். ஒருத்தரும் அந்த எடத்துக்கு வர மாட்டேங்கறாங்களாம். முடியாதுன்னா சொல்லிருங்க, திருப்பி அனுப்பிரலாம்."

திருப்பி அனுப்பியிருக்கலாம். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் பதினொன்று என்று பேர் வாங்கியவளுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. குருபரனிடம் நாலு வருடம் எப்படி வரவில்லையோ அப்படியே.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அந்த நாற்காலியில் தனக்குச் சந்தோஷமான நிமிஷம் ஒன்றே ஒன்றுதான், அதைவிட்டு எழுந்த நிமிஷம். கண்ணை மூடி அதையே ஓட்டிப் பார்த்தாள். 'பரவாயில்லை' என்ற குரல், விருட்டென்று எழுவது, சக்கரம் உருள்வது, 'ஆ' என்று ஒரு சத்தம். அந்த 'ஆ'வில் உடம்பு முழுக்க ஐஸ் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. எண் மளமளவென்று இறங்கியது. ஆறு வாரத்தில் இருபத்திநான்கு. பிரிசில்லா மண்டபம் முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

அடுத்த வாரமே மேகலா இன்னொரு இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, வேலை கிடைச்சிருச்சுங்க! உங்க பழைய கம்பெனிங்க. உங்க சீட்டேதானுங்க! குனிஞ்சு பாத்தனுங்க, வெறும் இருபத்தி நாலு. நீங்க என்னங்கக்கா அப்படிப் பயமுறுத்துனீங்க?"

மேகலாவின் அம்மா பின்னாலேயே வந்து நின்றாள். "சில பேருக்கு எந்த எடமும் ஒத்து வராது கண்ணு. அதுக்கு எடம் என்ன பண்ணும்?" என்றாள், தாரணியைப் பார்க்காமல்.

சொல்லியிருக்கலாம். 'அது நான் உட்கார்ந்து இறக்கிய எண், சேராதே' என்று. மண்டபத்து வேலை போகும், அவ்வளவுதானே. தாரணி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய இருக்கும்போது யாரால் பேச முடியும்?

அதற்குப்பின் அவள் பதினொன்று பத்தொன்பதானது. எதிர்வீட்டுக் கதவு மாலையில் திறக்கும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினாள். மேகலா முகம் எப்படியிருக்கிறது? முதல் வாரம் நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம், "சாரு நல்ல மனுசந்தானுங்கக்கா, பின்னாடி வந்து நிக்கறதுதான் ஒரு மாதிரி" என்றாள். ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் ஆபீஸுக்குக் கிளம்பியதைப் பார்த்து, தாரணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். எது வந்தாலும் சரி.

மறுநாள் மாலை மேகலா குதித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, குருபரன் சாரு போயிட்டாருங்க! வேற எடத்துல பெரிய பதவியாம். இனி எங்களுக்குச் செல்வநாயகி மேடமுங்க. அவங்க யாரு பின்னாடியும் நிக்க மாட்டாங்க, அவங்க சீட்டைவிட்டு எந்திரிக்கறதே அபூர்வம்!"

தாரணி அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள். பொய்யான எண் தானாகவே மெய்யாகிவிட்டது. தெய்வம் இருக்கிறது என்று கோனியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மண்டபத்தில் பிரிசில்லா கை தட்டி எல்லாரையும் கூப்பிட்டாள். "நாலு ஊருல கிளை தொறக்கப் போறோம். எனக்கு ஒரு பொது மேலாளர் வேணும்ல? தன்கிட்ட வேலை பாக்கறவங்க நாற்காலியைக் குளிர்ச்சியா வெச்சிருக்கற ஆளு வேணும்னு ஜில்லா பூரா தேடுனேன். ஒருத்தரு கெடைச்சாரு. இருபத்தி நாலு! நாலு வருசம் ஒரே ஆளு உக்காந்த சீட்டு, இருபத்தி நாலு!"

தன் கடையில் வெளுத்த சட்டையையே புதுச்சட்டை என்று எடுத்துப் போட்டுக்கொள்ளும் லாண்டரிக்காரரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? டோக்கன் எண்ணை மட்டும் பார்த்து வேலை செய்கிற இடத்தில் அதுவும் நடக்கும்.

குருபரன் லேசாக நொண்டிக்கொண்டு மேடையேறினார். வெள்ளைச் சட்டை, விபூதிக் கீற்று, அதே சாந்தம். "நாமெல்லாம் ஒரே குடும்பமுங்க" என்று ஆரம்பித்தார். மண்டபத்து நாற்காலிகளில் ஒன்று மட்டும் முப்பதைத் தாண்டியது.

கூட்டம் கலைந்ததும் அவர் நேராக வந்தார். வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அறுபத்தைந்து. எழுபது.

"தாரணி, உங்களுக்கு நன்றி சொல்லணுமுங்க" என்றார் தணிந்த குரலில். "நீங்க அன்னிக்கு அப்படி எந்திரிச்சுப் போனப்ப எனக்கு மனசே சரியில்ல. நாம ஏதோ தப்பாப் பண்ணிட்டமோன்னு. ஆஸ்பத்திரில படுத்துட்டு அதேதான் யோசனை. நம்மகிட்ட இருந்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணிக் கேட்டரலாமான்னுகூட இருந்தேன். கேட்டு, மாத்திக்கறதிருந்தா மாத்திக்கலாம்னு. திரும்பி வந்து உங்க நாற்காலியைப் பாத்தனுங்க. இருபத்தி நாலு! அப்பத்தான் உசுரு வந்துச்சு. நீங்க நாலு வருசமும் எங்கிட்ட சந்தோசமாத்தான் இருந்திருக்கீங்க. நான் மாத்திக்க ஒண்ணுமே இல்லீங்க."

தாரணி கையிலிருந்த பூண்டுப் பல்லைத் தட்டில் வைத்தாள்.

நாலு வருடத்தில் அவள் வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. அவளுக்காகச் சொன்னது அந்த நாற்காலி ஒன்றுதான். தொண்ணூற்றிரண்டு என்று, உரக்க, தப்பில்லாமல் சொல்லியிருந்தது. அந்த மனுஷர் அதைக் கேட்கிற நிலைக்கு வந்த நேரம் பார்த்து, ஆறு வாரம் பாடுபட்டு உட்கார்ந்து, அவளே அதன் வாயை மூடியிருக்கிறாள். ஜிலேபி வேறு சாப்பிட்டிருக்கிறாள்.

இப்போதும் எழுந்து போய்விடலாம். டிபன் டப்பா பக்கத்திலேயே இருந்தது. எழுந்து போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டோ, வீதி, ஏழு நேர்காணல், அப்புறம் வேறொரு குருபரன். இவரோ அடுத்தவள் பின்னால் போய் நிற்பார், நிம்மதியாக.

தாரணி எழுந்தாள். இந்த முறை மெதுவாக. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், முட்டி வலியோட நிக்க வேண்டாம். உக்காருங்க."

"பரவாயில்லை, விடு..."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். முதுகுத் திரையில் எண் சரிந்து பத்தொன்பதில் நின்றது. நிஜமாகவே மனசுக்குள் ஒரு குறையும் இல்லாத மனிதர். எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

"அந்த இருபத்தி நாலு நான் இங்க உக்காந்து எறக்குனதுங்க. உங்க ஹெச்.ஆர். அனுப்புனாங்க. வரும்போது அது தொண்ணூத்தி ரெண்டு."

பிரிசில்லாவின் கையிலிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "அம்மிணி..." என்றாள்.

"மொத வருசம் ஆடி மாசம், எங்கம்மாவுக்குக் கண் ஆபரேசன்" என்றாள் தாரணி. "லீவு கேட்டேன். போயிட்டு வாங்கன்னீங்க. ஆபரேசன் நடந்த ரெண்டு மணி நேரத்துல பதினாலு தடவை போன் பண்ணுனீங்க. 'ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்புட்டேன்'னீங்க. பதினாலு தடவையும்."

முப்பத்தொன்று.

"அப்பறம், நான் பேசி வாங்குன விலைக் கொட்டேஷனை மீட்டிங்ல உங்களோடதுன்னு சொன்னீங்க. வெளிய வந்து, 'குடும்பத்துல யாரு சொன்னா என்னங்க'ன்னீங்க."

நாற்பத்தாறு. கனகசபை சார் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். நிச்சயமான பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். பதினொரு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது குருபரனுக்கு அதுவே முதல் தடவை.

"அம்மிணி, அந்த நாற்காலி நாளைக்குப் பீளமேட்டுக்குப் போகணும்!" என்றாள் பிரிசில்லா, அழாத குறையாக.

"போகாதுங்க மேடம்" என்றாள் தாரணி திரும்பாமல்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். கோபமாகக்கூட இல்லை, மளிகை லிஸ்ட் வாசிப்பதுபோல. அவர் விபூதிக் கீற்று வேர்வையில் கரைந்து ஒரு பக்கமாக இறங்கியது. எழுபத்தெட்டு. வலது கை மெல்ல நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியது. விரல் நுனி அதன் அடிப்பக்கத்தைக் கீறியது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். ஒரு நிமிஷம் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

அவர் குடித்தார். துடைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இன்னும்..." என்றார் குருபரன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சார்" என்றாள் தாரணி. "இப்பத்தான் மொத வருசம் முடிஞ்சிருக்கு."